சாண் நீள மிளகாய்... விதை எடுத்து விதைத்தால் குட்டையாவது ஏன்?

சந்தையில் வாங்கிவந்த பஜ்ஜி மிளகாயில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, நுனியில் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருக்கும். அதை நறுக்க மனம் வராது. ஜன்னல் ஓரத்தில் போட்டு வைத்து, நன்றாகச் சிவந்ததும் விதையை உதறி எடுத்து, மாடியில் சும்மா கிடக்கும் பெயின்ட் வாளியில் தூவிவிடுவார்கள். முளைக்கும், வளரும், பூக்கும். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு செடியில் சுண்டுவிரல் நீளக் காய், அடுத்ததில் குண்டுக் காய், மூன்றாவதில் நீளம் இருந்தும் துளி காரம் இல்லாத காய். மண் சரியில்லை, உரம் போதவில்லை, வெயில் அதிகம் என்று காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் குறை மண்ணிலும் இல்லை, உரத்திலும் இல்லை. விதையில்தான் இருக்கிறது.

மாடித்தோட்டக்காரருக்கு இதில் போவது நாலு தொட்டியும் ஒரு பருவமும். இதே தவறை வயலில் செய்யும் விவசாயிக்கு நாற்றங்கால் செலவு, நடவுக் கூலி, களைக் கூலி என்று எல்லாம் போய், பறித்த காயை வியாபாரி தரம் பிரித்து ஒதுக்கும்போதுதான் விஷயமே தெரியும். அதனால், நீள மிளகாயில் விதை எடுப்பதை முதலில் வீட்டில், நாலைந்து தொட்டியில் பழகிக்கொள்வது நல்லது.

விதை பாக்கெட்டைப் படியுங்கள்

இன்று சந்தைக்கு வரும் நீள மிளகாய் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். இரண்டு வெவ்வேறு பெற்றோரைச் சேர்த்து உருவாக்கிய முதல் தலைமுறை அது. அந்தத் தலைமுறையில் எல்லாச் செடியும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்தால், உள்ளே கலந்திருந்த பெற்றோரின் குணங்கள் பிரிந்து, செடிக்குச் செடி வேறுபடும். காயின் நீளத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு அல்ல, பல. ஆகவே குட்டை, நடுத்தரம், நீளம் என்று எல்லா அளவிலும் காய்கள் வரும்.

விதை எடுத்து வைக்க ஏற்றவை நாட்டு ரகங்களும், நிலைப்படுத்தப்பட்ட சாதாரண ரகங்களும்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டவற்றில் கே.1, கே.2 போன்றவை இந்த வகை. ‘கோ மிளகாய் வீரிய ஒட்டு 1’ என்று இருந்தால், பெயரிலேயே பதில் இருக்கிறது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பூசா ஜ்வாலா’ ரகம் நீள மிளகாய் விரும்பும் வீட்டுத்தோட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். மெலிந்து, தோல் சுருங்கி, நுனி வளைந்து, விரலைத் தாண்டிய நீளத்தில் காய்க்கும். ஒட்டு ரகம் அல்ல என்பதால் கவனமாக விதை எடுத்தால் தாயைப் போலவே பிள்ளையும் வரும். கர்நாடகத்தின் பேடகி மிளகாயில் ‘கட்டி’ எனப்படும் வகையும் நீண்டு சுருங்கியதுதான். காரம் குறைவு, நிறம் அதிகம். முழுச் சாணே வேண்டும் என்பவர்கள் தேடுவது ‘ஜோஸ் லாங் கயென்’ என்ற மேல்நாட்டு ரகத்தை. 8 முதல் 10 அங்குலம் வரை தொங்கும் அந்த மிளகாய், வீட்டுத்தோட்டக்காரர்கள் வருடா வருடம் விதை எடுத்துவைத்தே காப்பாற்றி வந்த ரகம்.

நம் ஊரில் இது புதிய வித்தையும் அல்ல. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய், விவசாயிகள் தங்கள் காட்டிலேயே விதை எடுத்து, குண்டு வடிவம் மாறாமல் கொண்டுவந்து சேர்த்தது. குண்டைக் காப்பாற்ற முடிந்தால் நீளத்தையும் காப்பாற்றலாம்.

தேனீ கொண்டுவரும் கலப்பு

சரியான ரகத்தை நட்டும் காய் மாறிப்போனது என்பவர்கள், பக்கத்துத் தொட்டியைப் பார்க்க வேண்டும். மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்பு இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனால் தேனீயும் எறும்பும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் குண்டு மிளகாயோ குடைமிளகாயோ இருந்தால் அதன் மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். சான்று விதை உற்பத்தி செய்பவர்கள் ஒரு மிளகாய் ரகத்துக்கும் இன்னொன்றுக்கும் 200 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. ஆதார விதைக்கு 400 மீட்டர். மாடியில் அது நடக்கிற காரியமா?

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. குடைமிளகாய்ப் பக்கத்தில் இருந்ததால் என் மிளகாயில் காரம் போய்விட்டது என்பார்கள். இந்த ஆண்டுக் காயின் சதை, நீளம், காரம் எல்லாம் தாய்ச் செடி கொடுப்பது. வேற்று மகரந்தம் விழுந்தாலும் அது மாறாது. கலப்பு ஒளிந்திருப்பது உள்ளே இருக்கும் விதையில். அதை விதைத்த அடுத்த பருவத்தில்தான் வெளியே தெரியும். அழகான நீளக் காயிலிருந்து எடுத்த விதை ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. மொட்டு வெளுத்து, மறுநாள் மலரப்போகும் நிலையில், அந்தக் கிளையை மெல்லிய மல் துணிப் பையால் மூடி, காம்பில் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வெந்துபோகும். காலை வேளையில் கிளையை விரலால் லேசாகத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். பிஞ்சு தெரிந்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் மட்டும் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டிய காய் விதைக்கு, மற்றதெல்லாம் குழம்புக்கு. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைப்பது முக்கியம். அவசரச் சமையலில் விதைக்காய் தாளிப்புக்குப் போன வீடுகள் நிறைய.

காயை அல்ல, செடியைத் தேர்ந்தெடுங்கள்

கூடையில் கொட்டி, இருப்பதிலேயே நீளமான காயைப் பொறுக்கி விதை எடுப்பதுதான் பரவலான வழக்கம். இதில் பெரிய பயன் இல்லை. ஒரு செடியில் ஒரு காய் நீண்டும் இன்னொன்று குறுகியும் இருப்பது தண்ணீர், சத்து, காய்த்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். குட்டையாகக் காய்க்கும் செடியில் தப்பித்தவறி நீண்ட ஒரு காயைவிட, எல்லாக் காயும் நீண்டிருக்கும் செடியின் நடுத்தரக் காயே விதைக்கு மேல்.

அதனால் குறைந்தது எட்டு, பத்துச் செடியாவது வையுங்கள். முதல் பறிப்பிலும் இரண்டாம் பறிப்பிலும் எந்தச் செடி ஒரே சீராக நீளக் காய் தருகிறது என்று பார்த்து, அதில் நோயில்லாத இரண்டு மூன்று செடியை விதைக்கு ஒதுக்குங்கள். இலை சுருண்ட செடி எவ்வளவு நீளமாகக் காய்த்தாலும் அதைத் தொட வேண்டாம்.

ஒட்டு ரக விதையை ஏற்கெனவே போட்டுவிட்டவர்களும் செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பொறுமை இருந்தால், இதே முறையில் பூவை மூடி, நீளமான செடியை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பருவமும் தொடரலாம். தன் மகரந்தத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதியாகக் குறையும். ஐந்தாறு தலைமுறையில் குணம் பெரும்பாலும் நிலைத்துவிடும். ஆண்டுக்கு ஒரு பருவம் என்றால் ஐந்தாறு ஆண்டு. இது எல்லோருக்கும் ஒத்துவராது.

நீளம் கிடைக்க...

நல்ல விதையாக இருந்தாலும் சின்னத் தொட்டியில் நீளம் வராது. ஒரு செடிக்கு 12 முதல் 15 லிட்டர் கொள்ளளவு வேண்டும். மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு கலந்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும். ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர் என்று மூன்று பட்டமும் ஏற்றவை. விதையோடு ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்துக் குலுக்கி, குழித்தட்டில் போட்டால் நாற்றழுகல் குறையும். 40 நாள் நாற்றை நடலாம்.

பிஞ்சு நீளும் நாட்களில் ஒருநாள் காயவிட்டு மறுநாள் நிறையத் தண்ணீர் ஊற்றினால் காய் குறுகி வளையும். தினமும் அளவாக ஊற்றுவதே சரி. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி. தொடக்கத்திலேயே வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் பெரும்பாலும் கட்டுப்படும்.

விதைக்காய் எப்போது பறிப்பது?

பச்சைக் காயின் விதை முற்றியிருக்காது, பெரும்பாலும் முளைக்காது. செடியிலேயே முழுதாகச் சிவந்து, தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கும்வரை விட வேண்டும். கரும்புள்ளியோ அழுகலோ உள்ள காயை ஒதுக்குங்கள். பழ அழுகல் நோய் விதை வழியாகவே அடுத்த பருவத்துக்கு வரும். பறித்ததை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, கீறி, விதையை எடுங்கள். கையுறை இல்லாமல் செய்தால் அன்றைக்கு முழுக்கக் கண்ணைத் தொட முடியாது. காரம் அதிகம் இருப்பது விதையில் அல்ல, அதைத் தாங்கும் வெள்ளைச் சதையில்தான்.

வெளுத்த விதை, கறுத்த விதை, சப்பை விதையை நீக்கிவிட்டு, தாளில் பரப்பி நிழலில் ஒரு வாரம் உலர்த்த வேண்டும். சுள்ளென்ற வெயிலில் தார்ப்பாயில் போட்டால் முளைப்பு போய்விடும். நன்கு காய்ந்த விதையைக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, ரகத்தின் பெயர், பறித்த மாதம், எந்தச் செடி என்று எழுதி ஒட்டி, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் இரண்டு ஆண்டு தாங்கும். எழுதாத புட்டி ஆறு மாதத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாத விதையாகிவிடும்.

விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு 20 விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். 12 முளைத்தால் 60 சதவிகிதம். சான்று விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத்திறன் அவ்வளவுதான். எட்டுக்கும் கீழே போனால், விதையை இரட்டிப்பாகப் போடுங்கள்.