உங்களுக்குத் தெரியுமா? சன்னல் இல்லாத கோல்கொண்ட்

நவீனக் கட்டடக்கலையைப் பார்க்கச் சண்டிகருக்கோ அகமதாபாத்துக்கோ போகிறவர்கள், புதுச்சேரியில் அதற்கும் முன்பே எழுந்த ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான ‘கோல்கொண்ட்’, இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1937இல் வேலை தொடங்கியது.

வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட். டோக்கியோ இம்பீரியல் ஓட்டல் பணிக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் ஜப்பான் போய், அங்கேயே தொழில் நடத்தியவர். அவருடைய உதவியாளராக வந்து வேலையைக் கவனித்த ஜார்ஜ் நகஷிமா ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராக உலகப்புகழ் பெற்றவர் இவர்தான்.

அந்தக் கட்டடத்தின் அழகே அதன் காற்றோட்டம். நீண்ட முகப்புகள் இரண்டும் வடக்கும் தெற்குமாக நிற்கின்றன. அவற்றில் கண்ணாடிச் சன்னல் கிடையாது. மேலிருந்து கீழ்வரை கிடைமட்டமான பலகைகள். அவற்றைத் திருப்பி வெயிலையும் மழையையும் தடுத்துக்கொண்டே காற்றை உள்ளே விடலாம். அறைகளுக்குத் தேக்கில் நகரும் கதவுகள். அவற்றின் இடைவெளி வழியாகவும் காற்று ஊடுருவும். குளிர்சாதனம் இல்லாமலே கடலோரப் புழுக்கத்தைச் சமாளிக்கிற இந்த ஏற்பாட்டை இன்றைய கட்டடப் பொறியாளர்கள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

கட்டுமானத்தில் ஆசிரமவாசிகளே பெருமளவு உழைத்தார்கள். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்கான பொருத்துகளை வார்த்தார்கள்.

விடுதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சுற்றுலாத் தலமல்ல என்பதால் முன் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.