வேகத்தடை தாண்டுமா ஸ்போர்ட்ஸ் கார்?

சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை 2007 முதல் இயங்குகிறது. அங்கே 2021-இலிருந்து எம்340ஐ என்றொரு காரைப் பூட்டுகிறார்கள். பார்வைக்கு நாலு கதவு வைத்த குடும்பக் கார்தான். உள்ளே இருப்பது 3 லிட்டர், 6 சிலிண்டர் டர்போ இன்ஜின்; 2021-இல் வந்தபோது 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 4.4 விநாடியில் எட்டிவிடும்.

அங்கிருந்து தெற்கே வந்து, செங்கல்பட்டைத் தாண்டி, புக்கத்துறை கூட்டுச்சாலையில் மேற்கே திரும்பினால் உத்திரமேரூர். கூட்டுச்சாலை வரை நெடுஞ்சாலை. அதற்குப் பிறகு வேகத்தடை, டிராக்டர், கல்குவாரி லாரி, அறுவடைக் காலத்தில் பாதி சாலையில் நெல். ஸ்போர்ட்ஸ் காரைத் தினசரி வண்டியாக வைத்துக்கொண்டு இங்கே குப்பை கொட்ட முடியுமா?

முதலில், இந்த வண்டிகள் ஏன் தரையோடு தரையாகக் கிடக்கின்றன? அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. அது கால்வாசி உண்மை. வளைவில் திரும்பும்போது வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குத் தாவுகிறது. எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்குத் தாவல் கூடும். வைக்கோலை உயர ஏற்றிய டிராக்டர் திருப்பத்தில் சாய்வது இதனால்தான். மையத்தைத் தாழ்த்தினால் நான்கு டயரும் சாலையை இன்னும் சமமாகப் பற்றும். அடியில் இடைவெளி குறைந்தால் அங்கே புகும் காற்றும் குறையும். வேகத்தில் வண்டி மேலே தூக்குவதும் குறையும்.

போர்ஷே 911 காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி ஏறக்குறைய 11 செ.மீ. நம்மூர் ஸ்விஃப்ட்டுக்கு 16, பொலேரோவுக்கு 18.

இனி வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு போன்ற வளைவு. 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. 911-இன் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். இந்த வேகத்தடையின் நடுவில் கார் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மீதே இருக்கும். கணக்குப் போட்டால், மேட்டின் உச்சி சக்கரங்களைவிட நாலரை செ.மீ.தான் உயர்ந்திருக்கும். இருப்பது 11. இடிக்கவே இடிக்காது.

ஊருக்குள் அவரவர் போட்டுக்கொண்ட தடைகளின் கதை வேறு. ஒரு மீட்டர்கூட அகலமில்லாமல், அரை அடி உயரத்துக்குத் தாரையோ சிமென்டையோ கொட்டி வைத்திருப்பார்கள். முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் ஏறியிருக்காது. நடுவில் மொத்த உயரமும் அடிவயிற்றுக்கு நேராக நிற்கும். 15 செ.மீ. மேடு, 11 செ.மீ. இடைவெளி. நாலு பேர் ஏறிய ஸ்விஃப்ட்டே இங்கே உரசும். ஸ்போர்ட்ஸ் காரைக் குறை சொல்லி என்ன? வண்டியைச் சாய்வாகக் கொண்டுபோய், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கும் நம் ஓட்டுநர்களின் உத்தி கொஞ்சம் உதவும். விலை உயர்ந்த கார்களில் மூக்கைத் தூக்கும் வசதியும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் 4 செ.மீ. அளவுக்கு எழும்பும். ஆனால் மூக்கு தப்பினாலும் வயிறு மாட்டும். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பிரித்து நிர்வாகம் செய்ததைப் பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். வேகத்தடைக்கும் ஒரு வாரியம் இருந்தால் தேவலை.

அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்பதுபோல் எழுதியிருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது; அதாவது 12 செ.மீ. 911-இன் முன் டயர் 235/40. பக்கச்சுவர் ஒன்பதரை செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சுவர் குட்டையானால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி திரும்பும். ஆனால் குழியில் விழும் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் கிடையாது. அடி நேராக ரிம்முக்குப் போகும். குவாரி லாரி சிந்திய ஜல்லி பக்கச்சுவரைக் கிழித்தால் இன்னும் சிக்கல். இத்தகைய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி இல்லை. ஓட்டையை அடைக்கும் பசையும் சின்ன காற்றுப் பம்பும்தான் கொடுக்கிறார்கள். பக்கச்சுவர்க் கிழிசலுக்குப் பசை உதவாது. வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போக லாரி வரவேண்டும், அதுவும் பெரும்பாலும் சென்னையிலிருந்து.

ஜல்லியைவிட நான் அதிகம் பயப்படுவது வைக்கோலுக்குத்தான். உளுந்து, கேழ்வரகு, கொள்ளு என்று அறுத்ததைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளே அடித்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடும் வழக்கம் பல கிராமங்களில் இருக்கிறது. தாழ்ந்த கார் அதன் மேல் போனால் சருகு அடியில் சுருட்டிக்கொள்ளும். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிப் பெட்டி அங்கேதான் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. சருகு பற்றிக்கொண்டு கார்கள் எரிந்ததுண்டு. வேகத்தடை பம்பரோடு விட்டுவிடும், இது முழு வண்டியையும் கேட்கும்.

இன்ஜினைப் பற்றிய பயம் பழைய காலத்தது. அன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜின் வெகுவாகச் சுழன்றால்தான் இழுவை வரும். மெதுவாகப் போனால் முக்கும், சூடேறும். கிளட்ச் மிதித்துக் கால் வலிக்கும். 1990-இல் ஹோண்டா விற்பனைக்குக் கொண்டுவந்த என்.எஸ்.எக்ஸ். அந்தப் பிம்பத்தை உடைத்தது. முழுக்க அலுமினியக் கூடு, சுற்றிலும் நன்றாகத் தெரியும் கண்ணாடிகள், சாதாரண ஹோண்டா போலத் தொந்தரவில்லாத இன்ஜின். சோதனை ஓட்டத்தில் பந்தய வீரர் அயர்டன் சென்னா, கூடு இன்னும் விறைப்பாக வேண்டும் என்று சொல்ல, அதையும் திருத்தினார்கள். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் முர்ரே, தினமும் ஓட்டத்தக்க வேகக் காருக்கு இதையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். இன்று டர்போவும் ஆட்டோமேட்டிக் கியரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. எம்340ஐ-யில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,900 சுற்றிலேயே முழு இழுவையும் கிடைத்துவிடும். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தாலும் முனகாது.

பெட்ரோலும் பெரிய தடையில்லை. ஆக்டேன் குறைந்தால் இன்ஜின் 'நாக்' அடிக்கத் தொடங்கும். அதைக் கேட்கும் சென்சார் தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும். இன்ஜின் பிழைக்கும், சக்தி கொஞ்சம் குறையும். எத்தனால் கலப்பு ஆக்டேனைக் கூட்டத்தான் செய்யும்; மைலேஜ் குறையும். பழைய வண்டி வாங்குபவர்கள்தான் எத்தனால் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் காரைத் தோற்கடிப்பது இன்ஜினோ பெட்ரோலோ அல்ல, 15 செ.மீ. மேடு. எனவே இரண்டு கதவு, இறக்குமதி வண்டி எல்லாம் வாரக் கடைசிக்கு, இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கி.மீ. பந்தயத் தடத்துக்குச் சரி. தினசரிக்கு எம்340ஐ போன்ற நாலு கதவு வண்டி, அதுவும் நிதானமாக ஓட்டினால். என்னைக் கேட்டால், அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரிக்கும் ஐ20 என் லைன் போதும். 1 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், தரையிலிருந்து 17 செ.மீ. உத்திரமேரூர்ச் சாலையில் எம்340ஐ-யின் முழுத் திறனைப் பயன்படுத்த இடமும் இல்லை, அனுமதியும் இல்லை.

எதை வாங்கினாலும், முன்பணம் கட்டுமுன் வீட்டார் நாலு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருமுனை வேகத்தடையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஷோரூம்காரர் தயங்கினால் ஒரு டேப்பை எடுத்துப்போய் மேட்டின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து வாருங்கள்.