குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் தங்கப் போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் படியுங்கள்



பிரசவத்துக்குப் போவதென்றால் பழந்துணி முதல் ஃபிளாஸ்க்கு வரை ஒரு மாதம் முன்னாலேயே எடுத்து வைக்கிறோம். குடிநோய்க்குத் தங்கிச் சிகிச்சை பெறப் போகும்போது மட்டும், ஊர் பார்த்துவிடுமோ என்று இருட்டோடு இருட்டாக, உடுத்த துணியோடு பஸ் ஏறுகிறோம். இது சரியல்ல. வீட்டுக் கவலையோடு, மாற்றுத் துணிகூட இல்லாமல் போனவருக்கு வார்டில் மனசு நிற்காது. "நான் ஊருக்குப் போறேன்" என்று இரண்டாம் நாளே கிளம்பிவிடுவார். அவர் கடைசி வரை தங்குவதற்கு, முன்னேற்பாடுதான் முதல் மருந்து.

ஏன் தங்க வேண்டும்?

நாள்தோறும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று சாராயம் நின்றால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி, பாம்பு கண்ணுக்குத் தெரியும். "பேய் பிடிச்சிருக்கு" என்று கோயிலுக்கும் மந்திரவாதியிடமும் அழைத்துப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். இது உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மருந்தும், பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து இந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள்.

ஆகவே, "போறதுக்கு முன்னாடி நானே நிறுத்திட்டுப் போறேன்" என்று வீராப்பாக நிறுத்த வேண்டாம். "இதுதான் கடைசி" என்று மூக்கு முட்டக் குடித்துவிட்டும் போக வேண்டாம். டாக்டரைக் கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள்.

பையில் என்ன வைக்கலாம்?

1. நாலைந்து ஜோடி சட்டை, லுங்கி, உள்ளாடை, துண்டு. குளிர் நடுக்கத்துக்கு ஒரு கெட்டிப் போர்வை.
2. சோப்பு, பற்பசை, எண்ணெய், சீப்பு, செருப்பு, தட்டு, டம்ளர். மூக்குக் கண்ணாடி போடுபவர் அதை மறக்க வேண்டாம்.
3. ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள்.
4. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காசநோய், வலிப்பு ஆகியவற்றுக்குச் சாப்பிடும் மாத்திரைகள், அட்டையோடு. போனதும் நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.
5. ஒரு நோட்டு, பேனா. செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. வேண்டிய நம்பர்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எதை வைக்கக் கூடாது?

பீடி, சிகரெட், ஹான்ஸ் வேண்டாம். இருமல் மருந்து, அரிஷ்டம், வாசனை சென்ட் வேண்டாம். இவற்றிலும் ஆல்கஹால் உண்டு. நகை, பெரிய தொகை வேண்டாம். ஷவரக் கத்தியைக் கேட்டுக்கொண்டு கொண்டு போங்கள்.

பையில் வைக்க முடியாத ஒன்று உண்டு: உண்மை. "எப்பவாவது கொஞ்சம்" என்று டாக்டரிடம் மழுப்பாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா என்று உள்ளபடி சொல்லுங்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது.

வீட்டு ஏற்பாடு

எத்தனை நாள் தங்க வேண்டும், செலவு என்ன, துணைக்கு ஆள் இருக்க வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். மாட்டை யார் பார்ப்பது, தண்ணீர் முறைக்கு யார் போவது, குழுக் கடன் தவணையை யார் கட்டுவது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் "அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போகாதீர்கள். பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பாத்துட்டு வருவாங்க" என்றால் போதும். அது பொய்யில்லை, குடிநோயும் ஒரு நோய்தான்.

தாய்மார்களுக்கு

அவர் குடிப்பது உங்கள் குற்றமல்ல. குடியை மறக்க வைக்கும் என்று யாரோ விற்கும் பொடியை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள். அதில் டைசல்பிராம் மருந்து இருந்து, அவர் குடித்தும்விட்டால் வாந்தி, படபடப்பு வந்து உயிரே போகலாம்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில், குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை தருகிறார்கள். நீங்கள் போகும் இடத்திலும் அப்படி வகுப்பு இருந்தால், கூலி போனாலும் போய் உட்காருங்கள். குடி ஒருவருடையது, காயம் வீட்டுக்கே.

திரும்பி வரும்போது

வீட்டில் பாட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது. மறுபடி காட்டச் சொன்ன தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஒருமுறை சறுக்கிவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கைவிடாமல், மறுநாளே டாக்டரிடம் போங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். அல்லது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள்.

ஊர் நாலு நாள் பேசும். குடும்பம் நாற்பது வருஷம் வாழ வேண்டும். பகலிலேயே, இருவரும் சேர்ந்தே பஸ் ஏறுங்கள்.