கத்திரி வெயிலில் சக்குலன்ட் ஏன் அழுகுது? பட்டாபிராம் மாடிகளுக்கு ஒரு கோடை கையேடு

"பாலைவனச் செடிதானே, வெயில் என்ன பண்ணிடும்?" சக்குலன்ட் வாங்குகிற பலரும் நினைப்பது இதுதான். ஏப்ரலில் ஆசையாக வாங்கிய ரோஜாப்பூ வடிவ எச்சிவேரியா, மே பாதியில் பட்டாபிராம் மொட்டை மாடியில் கொழகொழன்னு சரிந்து கிடக்கும். வெயிலில் செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், உள்ளே மண் சொதசொதன்னு ஈரம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் செடி

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். சக்குலன்ட்டுகளில் பலவும் அப்படிச் செய்வதில்லை. பகலில் திறந்தால் சேமித்த தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் திறக்கும். அப்போது எடுக்கும் வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கும்.

இந்தக் கதையின் தொடக்கத்தில் நம்ம ஊர் தொடர்பு ஒன்று உண்டு. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்திய கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலையை (கட்டிப்போட்டா குட்டி போடும்னு சொல்வோமே, அதேதான்) மென்று பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு, மதியம் சுவையே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு. லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815-ல் இது அச்சானது. இரவில் அமிலம் சேர்ந்து பகலில் தீர்ந்துபோவதைத்தான் அவர் நாக்கு கண்டுபிடித்தது. நீங்க ட்ரை பண்ண வேண்டாம், அந்த இலையில் நச்சுப்பொருட்கள் உண்டு.

சரி, இதற்கும் உங்கள் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? இந்த ராத்திரி ஷிஃப்ட் ஒழுங்காக நடக்க குளிர்ச்சி வேண்டும். எச்சிவேரியாக்களின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பகுதி. பகல் எவ்வளவு காய்ந்தாலும் அங்கே இரவு குளிர்ந்துவிடும். நமக்கோ மே மாத ராத்திரியில் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே பெரிய விஷயம். பட்டாபிராம் கடலிலிருந்து சுமார் 25 கி.மீ. உள்ளே இருப்பதால் கடல்காற்றும் லேட்டாகத்தான் வரும். பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் மாடி நள்ளிரவு வரை அனலைக் கக்கும்.

செடி என்ன செய்யும்? வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். வேர் தண்ணீரை இழுப்பது வெகுவாகக் குறையும். 'பாவம், வெயில்' என்று நாம் தினம் ஊற்றுகிற தண்ணீர் மண்ணிலேயே தங்கி, சூட்டில் பூஞ்சை பிடித்து வேரை அழுகடிக்கும். கோடையில் சக்குலன்ட்டைக் கொல்வது பெரும்பாலும் நம்ம பாசம்தான்.

அப்போ எப்ப தண்ணி ஊத்தறது?

கிழமை கணக்கு வேண்டாம். ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடி வரை குத்தி எடுங்கள். மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. சுத்தமாக வந்தால், வெயில் இறங்கிய பிறகு, இலைமேல் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றலாம். இலை சுருங்கியிருந்தால் தாகம். மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்து, தொட்டால் நசுங்கினால் அது அழுகல். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் செடிகள் போகின்றன.

நர்சரியிலிருந்து வரும் தொட்டியில் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள்தான் இருக்கும். எடை குறைவு, அனுப்ப வசதி. ஆனால் ஈரத்தை விடாது. செம்மண்ணோடு பருமணலும் செங்கல் ஜல்லியும் கலந்த மண்தொட்டிக்கு மாற்றுவது நல்லது. ஆனால் அதைக் கத்திரியில் செய்யாதீர்கள். உரமும் அப்போது வேண்டாம்.

மாடியில் 50 சதவீத பச்சை வலை கட்டுங்கள். காலை 9 மணிக்கு மேல் நேர் வெயில் படக்கூடாது. தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டாண்டிலோ வைத்தால் அடியில் காற்று ஓடும். திடீர்னு ஒரு கோடை மழை வந்தால் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். நனைந்த மறுநாள் அடிக்கும் வெயில்தான் ஆபத்து.

டைடல் பார்க்கில் வேலை பார்ப்பவர்கள் டெஸ்க்குக்குக் கொண்டுபோய்விடலாமே என்று கேட்கலாம். ஏசியில் குளிர்ச்சி கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது. செடி கழுத்தை நீட்டிக்கொண்டு வெளிறிப் போகும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் மட்டும் சரி.

என்னைக் கேட்டால், மழைக்காலம் முடியும் வரை எச்சிவேரியா பக்கமே போக வேண்டாம். கற்றாழை, பிரண்டை, அடீனியம், பத்துமணிப் பூ, ஸ்நேக் பிளான்ட் எல்லாம் நம்ம சூட்டுக்குப் பழகியவை. இன்ஸ்டாகிராமில் அவ்வளவு அழகாகத் தெரியாதுதான், ஆனால் ஜூனிலும் உயிரோடு இருக்கும்.

ஏற்கெனவே அழுக ஆரம்பித்துவிட்டதா? மேல்பகுதி கெட்டியாக இருந்தால், கறுப்பே தெரியாத இடம் வரை சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். வெட்டிய முனையை நிழலில் ஐந்தாறு நாள் காயவிட்டு, காய்ந்த மண்மேல் சும்மா வைத்துவிடுங்கள். வேர் எட்டிப்பார்க்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம்.