முதலில் ஆசிரியரின் மனம்

மாணவர்கள் கோடை விடுமுறையில் இருந்தார்கள். அவர்கள் இடத்தில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2008 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஜீலாங் கிராமர் பள்ளியில் சுமார் 100 பேர் ஒன்பது நாள் பாடம் கேட்டார்கள். பாடம், அவரவர் மனம். கற்றுத்தர வந்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும்.

'நேர்மறைக் கல்வி' என்று இன்று பல நாடுகளில் பேசப்படுவது, ஒரு பள்ளி முழுவதையும் தழுவிய திட்டமாக வளர்ந்தது இங்கேதான். கணக்கையும் மொழியையும் போல மனநலத்துக்கான திறன்களையும் பள்ளியில் கற்பிக்கலாம் என்பது அதன் அடிப்படை. ஜீலாங் வகுத்துக்கொண்ட வரிசை கவனிக்கத்தக்கது: முதலில் கற்றுக்கொள், அதன்படி வாழ்ந்து பார், பிறகு கற்றுக்கொடு, கடைசியாகப் பள்ளியின் அன்றாடத்தில் ஊன்று. மாணவன் மூன்றாவது படியில்தான் வருகிறான்.

பயிற்சிகள் எளியவை. அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களை இரவில் எழுத வேண்டும்; ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் பக்கத்தில் எழுத வேண்டும். பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். உயிர் இருப்பது அந்த 'ஏன்' என்ற கேள்வியில். கடைசி பெஞ்சுப் பையன் இன்று கை தூக்கினான் என்று ஒரு டீச்சர் எழுதுகிறார். ஏன் தூக்கினான்? நேற்று அவனைத் தனியே அழைத்துப் பேசியதால். தான் செய்தது பலித்தது என்று அவருக்கே அப்போதுதான் தெரிகிறது.

ஆசிரியர் முதலில் கற்றுக்கொள்வதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை பிரிட்டனில் நடந்த 'மிரியட்' ஆய்வு காட்டுகிறது. மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் கவனப் பயிற்சியை 84 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட வளரிளம் மாணவர்களிடம் சோதித்தார்கள். 2022இல் முடிவு வெளியானது: வழக்கமான வகுப்புகளைவிட அந்தப் பயிற்சி மாணவர்களின் மனநலத்தைக் கூடுதலாக மேம்படுத்தவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஆனால் கற்றுக்கொடுப்பதற்காக முதலில் தாங்களே அதைப் பழகிய ஆசிரியர்களிடம் பணிச்சோர்வு குறைந்திருந்தது. பள்ளிச் சூழலும் மேம்பட்டிருந்தது. ஓராண்டுக்குப் பின் சோர்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. சூழலில் வந்த மாற்றத்தில் ஒரு பகுதி மட்டும் நிலைத்தது.

ஏன் நிலைக்கவில்லை? ஆய்வு தராத விடையை நான் செலிக்மனின் இளமைக்கால ஆய்வில் தேடுகிறேன். 1960களில் அவரும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். தம்மால் நிறுத்தவே முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்பிக்க வழி திறந்திருந்தபோதும் பெரும்பாலும் முயலாமல் படுத்துவிட்டன. கையறுநிலையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். 2016இல் இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாக்கினார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது இயல்பாக வருவது, நிலைமை நம் கையில் இருக்கிறது என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆசிரியரின் கையில் என்ன இருக்கிறது? பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2018இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டது. பணியில் மிகுந்த அழுத்தம் இருப்பதாக உறுப்பு நாடுகளில் சராசரியாக 18 சதவீதம் பேர் சொன்னார்கள். இங்கிலாந்தில் 38 சதவீதம். அழுத்தத்துக்குப் பலரும் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது நிர்வாக வேலை. மூச்சைக் கவனிக்கப் பழகிய ஆசிரியர் மறுநாள் அதே படிவங்களின் முன்தான் உட்கார வேண்டும். எனவே ஆசிரியர் நலன் என்று பேசும் பள்ளி, பயிற்சியாளரை அழைக்கும் முன் எந்தப் பதிவேட்டை நிறுத்தலாம் என்று ஆசிரியர்களிடம் கேட்கட்டும். அவர்கள் சொல்வதில் ஒன்றையாவது உண்மையாகவே நிறுத்தட்டும். தான் சொன்னது நடந்தது என்று அன்றிரவு ஒருவர் நோட்டில் எழுதுவார்.

இங்கிலாந்து அரசு 2021இல் கல்விப் பணியாளர் நலனுக்கான சாசனம் ஒன்றை வெளியிட்டது. வேலைச்சுமையைக் குறைப்பதும் அதன் உறுதிமொழிகளில் ஒன்று. பள்ளிகள் அதில் சேர்வது கட்டாயமல்ல.