பழைய கோழிக்கூடும் ஐப்பசிக் கணக்கும்

கடலூரிலும் பறங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில், இடுப்பளவு உயரத்தில் செங்கல்லால் கட்டப்பட்ட கோழிக்கூடுகளை இன்றும் காணலாம். பெரும்பாலானவற்றில் கோழி இல்லை. விறகும் உடைந்த குடமும் கிடக்கும். நாட்டுக்கோழி முட்டை விற்கும் விலையைப் பார்த்துவிட்டு, அக்கூட்டைச் செப்பனிட்டு நாலு காசு பார்க்கலாமே என்று நினைக்கும் தாய்மார்களே, இது உங்களுக்காக.

கோழி இல்லாத கூடு வெறுங்கூடு என்று எண்ணிவிடாதீர்கள். செங்கல் இடுக்குகளில் கோழி உண்ணி பதுங்கியிருக்கும். பகலில் வெளியே தலைகாட்டாது. இரவில் வந்து இரத்தம் குடிக்கும். உணவே இல்லாமல் பல மாதங்கள் உயிர் வாழக்கூடியது அது. ஆகவே குப்பையை அள்ளி எரித்து, இடுக்குகளைச் சிமெண்டு பூசி அடைத்து, சுவரின் உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் காயவிட்ட பின்பே கோழியை விட வேண்டும்.

அடுத்துத் தரை. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலையும், 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் வெள்ளத்தையும் கடலூர் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 2015இல் உங்கள் கொல்லையில் நீர் எதுவரை நின்றது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கூட்டின் தரை அதற்கு மேல் ஒரு சாணாவது உயர்ந்திருக்கட்டும். அவ்வளவு உயர்த்த இயலாவிட்டால், மாடிக்குத் தூக்கிச் செல்ல இரண்டு பஞ்சாரங்களையாவது ஆயத்தமாக வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகைச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிப்பதால் அப்பக்கத்தில் படுதா கட்டுங்கள். எதிர்ப்பக்கம் கம்பிவலையோடு காற்றுக்குத் திறந்திருக்கட்டும். தரையில் மூன்று விரற்கடை உயரத்துக்கு உமி பரப்பினால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

எத்தனை கோழி என்பதுதான் பலர் தடுக்கி விழும் இடம், நானும் விழுந்தேன். பகலில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் கோழிக்கு ஒரு சதுர அடி போதும் என்பார்கள். என் கூடு ஆறடி நீளம், நான்கடி அகலம். சித்திரையில் 24 உருப்படிகளை விட்டேன், குறையேதும் தெரியவில்லை. ஐப்பசி அடைமழையில் கோழிகள் பகலிலும் கூட்டை விட்டு இறங்கவில்லை. உமி நனைந்து, எச்சத்தின் நெடி கண்ணை எரித்தது, தும்மல் தொடங்கிற்று. கார்த்திகை முடிவதற்குள் மிஞ்சியவை 11.

எனவே சித்திரையில் எண்ணாதீர்கள். ஐப்பசியை நினைத்து எண்ணுங்கள். நாள் முழுதும் அடைபட்டிருக்கும் கோழிக்கு இரண்டு சதுர அடி வேண்டும். என் கூட்டுக்கு அது 12. அதிலும் எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் போதும், மீதியிடம் குஞ்சுகளுக்கு. ஒரு பெட்டை 21 நாள் அடைகாத்துப் பத்துக் குஞ்சு பொரித்தால், மூன்று மாதத்தில் கூடு நிரம்பிவிடும். இரண்டு பெட்டைகளை ஒரே சமயத்தில் அடை வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பெருகியவற்றைப் புரட்டாசிக்குள் விற்றுவிடுவதோ அறுத்து விருந்தாக்குவதோ நல்லது.

வருவாயையும் மிகைப்படுத்தி எண்ண வேண்டாம். நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டை இடும். எட்டுப் பெட்டைக்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு முட்டை கூட வராது. தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்கினால் கையைக் கடிக்கும். மேய்ச்சலோடு குறுணை, தவிடு, சோற்று மிச்சம் ஆகியவற்றில் ஓட வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் கருவாட்டுத் தலையை அப்படியே வீசுவார்கள்; மிகுந்த உப்பு கோழிக்கு நஞ்சு. நன்கு அலசிப் போடுங்கள்.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் கூடே காலியாகும், வந்தபின் மருந்தில்லை. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போட அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள்.

மஃரிபு நேரத்தில் கோழிகள் தாமாகவே கூடடையும். கதவைச் சாத்துமுன் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், விடிந்ததும் கீரிப்பிள்ளை நுழையும் பொந்து எங்கே என்று வேலியோரம் தேடுங்கள்.