கண்ணுக்குள் ஒரு கேஸ் குமிழி

போன வருஷம் அத்தை இடது கண்ணை மூடிக்கிட்டு என்னைப் பார்த்து, "டேய், உன் மூக்கைக் காணோம்டா"ன்னாங்க. நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, மாகுலாவில் ஓட்டை.

மாகுலா என்பது விழித்திரையோட நடுப்பகுதி. படிக்கிறது, முகத்தை அடையாளம் காண்றது எல்லாம் அதை வச்சுத்தான். கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் விட்ரியஸ் ஜெல், வயசாக ஆகச் சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரியும். சிலருக்கு நடுவில் மட்டும் ஒட்டிக்கிட்டு இழுக்கும். அந்த இழுவையில்தான் ஓட்டை விழுது. 400 மைக்ரானைத் தாண்டினாலே அது பெரிய ஓட்டை. நம்ம 0.5 மி.மீ. பென்சில் லெட்டை நினைச்சுப் பாருங்க, அதைவிடச் சின்னது!

ரொம்ப நாளா இதுக்கு வைத்தியமே இல்லைன்னு நினைச்சாங்க. 1991-ல் அமெரிக்காவில் கெல்லி, வெண்டல் என்ற இருவர் 52 கண்களுக்கு ஆபரேஷன் செஞ்சு, பாதிக்கு மேல் ஓட்டை மூடியதா வெளியிட்டாங்க. இப்போ பெரும்பாலும் பத்தில் ஒன்பது மூடுது.

வெள்ளை விழியில் மூணு சின்னத் துளை போட்டு ஜெல்லை வெட்டி உறிஞ்சிடுவாங்க. அடுத்தது, விழித்திரை மேல் இருக்கும் சில மைக்ரான் சவ்வு. கண்ணுக்கே தெரியாது என்பதால் நீலச் சாயம் ஏத்தி, வெங்காயச் சவ்வு மாதிரி உரிக்கிறாங்க. ஓட்டை பெருசா இருந்தா முழுசா உரிச்சு எறியாம, அதையே ஓட்டை மேல் மடிச்சு மூடியா போடுற முறையும் உண்டு. கடைசியா கண்ணுக்குள் கேஸ்.

இங்கதான் நம்ம ஃபிசிக்ஸ் வருது. குமிழி மேலே மிதக்கும். மாகுலாவோ கண்ணோட பின்பக்கம். அதனால முகத்தைக் கவிழ்த்தா பின்பக்கம் மேலே வந்து, குமிழி சரியா ஓட்டை மேல் உட்காரும். அது ஓட்டையை அழுத்தி மூடுதுன்னு நினைச்சேன். முக்கிய வேலை அது இல்ல. உள்ளே தண்ணி போகாம உலர்வா வச்சிருக்கும், விளிம்புகள் சேர அதுவே பாலம். சின்ன ஓட்டைக்கு இப்போ சில டாக்டர்கள் அவ்வளவு கறாரா கவிழச் சொல்றதில்ல. அத்தைக்கு அஞ்சு நாள். கழுத்து வலி, சாப்பாடு மடியில், டிவி சீரியல் காதால் மட்டும்.

பத்தாவது நாள் ஊட்டியில் கல்யாணம். "ஃப்ளைட்லதானே போகக்கூடாது, கார்ல போலாம்ல?"ன்னு கிளம்பிட்டாங்க. சீட்டில் விமானம், மலை ரெண்டும் எழுதியிருந்தது. வீட்டில் யாரும் ரெண்டாவதைப் படிக்கல. பாயில் விதி ஞாபகம் இருக்கா? ஊட்டியில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. குமிழி விரியப் பார்க்கும், கண் விரியாது. உள்ளழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபட்டா பார்வையே போயிடலாம். மேட்டுப்பாளையத்துக்கு முன்னாடியே போன் பண்ணி வண்டியைத் திருப்ப வச்சேன். அத்தை ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

உங்க வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்தா, எந்த கேஸ்னு கேட்டு வச்சுக்கோங்க. எஸ்.எஃப்.6 சுமார் ரெண்டு வாரத்தில் கரையும், சி3எஃப்8 ரெண்டு மாசம் வரை இருக்கும். அதுக்குள்ள வேறு ஆபரேஷன் வந்தா மயக்க மருந்து டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். நைட்ரஸ் ஆக்சைடும் குமிழியை ஊத வைக்கும்.

குமிழி சுருங்கச் சுருங்க, ரசமட்டத்தில் ஆடுற மாதிரி ஒரு கோடு தெரியுதுன்னு அத்தை சொல்லிட்டே இருந்தாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி இடது கண்ணை மூடிப் பார்த்தாங்க. என் மூக்கு வந்துடுச்சாம், கொஞ்சம் கோணலா.